ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒரு மருந்துதான்

புற்றுநோய் சிகிச்சையில் கணவனும் மனைவியும் கவனிக்க வேண்டியவை



உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வயலின் பட்டா இருக்கும். வீட்டுப் பத்திரம் இருக்கும். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் இருக்கும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துத் தாய்மார்கள் பீடி பாஸ் புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருப்பார்கள். எத்தனை இலை வாங்கினோம், எத்தனை பீடி கொடுத்தோம் என்பது அதில் ஏறவில்லை என்றால் பின்னால் பி.எஃப். பணம் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே இருக்கிறது? பல வீடுகளில் அது ஜன்னல் கம்பியில் செருகியிருக்கும். அல்லது கடைக்குப் போகும் மஞ்சப்பையில் மடிந்து கிடக்கும். "ஏங்க, அந்தச் சீட்டை எங்க வச்சீக?" என்று மனைவி கேட்பார். "நீதான வாங்கி வச்ச?" என்று கணவர் சொல்வார். சாதாரணக் காய்ச்சலுக்கு வாங்கிய சீட்டு தொலைந்தால் பெரிய மோசம் இல்லை. ஆனால் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த சீட்டு தொலைந்தால் அது உயிருக்கே கேடாக முடியலாம். ஏன் என்பதை விளக்குவதுதான் இந்த வெளியீட்டின் நோக்கம்.

புற்றுநோயில் மட்டும் சீட்டு ஏன் இவ்வளவு முக்கியம்?

காய்ச்சல் ஐந்து நாளில் போய்விடும். புற்றுநோய் வைத்தியம் அப்படி அல்ல. அது மாதக் கணக்கில் நடக்கும். வைத்தியம் முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருடம் தவறாமல் போய்க் காட்ட வேண்டும்.

இந்த வைத்தியம் ஒரே இடத்தில் முடிவதும் அபூர்வம். முதலில் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் சந்தேகப்படுவார். பிறகு அம்பாசமுத்திரம் போன்ற பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். அங்கிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். சிலர் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போவார்கள். மேற்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் திருவனந்தபுரத்துக்குப் போவார்கள்.

ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், இன்னோர் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தல், மற்றோர் இடத்தில் ஊசி மருந்து என்று வைத்தியம் பிரிந்து நடப்பதும் உண்டு. முதல் டாக்டர் செய்தது இரண்டாவது டாக்டருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்வதில்லை. நீங்கள் கையில் கொண்டு போகும் காகிதம்தான் அவருக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பாபநாசத்தில் திறந்த தண்ணீர் கால்வாய் வழியாகக் கடைமடைக்கு வருகிறது. இடையில் ஓர் இடத்தில் கரை உடைந்தால் கடைசி வயல் காய்ந்துவிடும். வைத்தியத்துக்கு அந்தக் கால்வாய்க் கரை உங்கள் ஃபைல்தான்.

ஒவ்வொரு சீட்டும் என்ன சொல்கிறது?

"எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருக்கு, எங்களுக்கு என்ன தெரியும்?" என்று நினைக்க வேண்டாம். முழுவதும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. எந்தச் சீட்டு எதற்கு என்று தெரிந்தால் போதும்.

1. சதைப் பரிசோதனைச் சீட்டு (பயாப்ஸி): கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்து எழுதியது. இது புற்றுநோய்தானா, எந்த வகை என்பதற்கு இதுவே ஆதாரம். எல்லா வைத்தியமும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். சீட்டில் உள்ள எண்ணைச் சொன்னால்தான் அந்த மெழுகுக் கட்டியைத் தேடி எடுக்க முடியும். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது அதையும் கண்ணாடித் தகட்டையும் கேட்டு வாங்கிப் போகலாம். மறுபடி கத்தி வைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது.

2. மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் பரிசோதனைச் சீட்டு: இது தனியாக வரும். கட்டி ஹார்மோனால் வளர்கிற வகையா என்று இதில் தெரியும். அப்படியானால் தினம் ஒரு மாத்திரை வீதம் ஐந்து வருடமோ அதற்கு மேலோ சாப்பிடச் சொல்வார்கள். இந்தச் சீட்டு இல்லாவிட்டால் மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்று டாக்டர் தீர்மானிக்க முடியாது.

3. ஸ்கேன் சீட்டும் படமும்: நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும். வைத்தியத்துக்கு முன் எடுத்த படம் மிக முக்கியம். கட்டி கரைந்த பிறகு அது முதலில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று காட்ட வேறு சாட்சி கிடையாது.

4. ஆபரேஷன் குறிப்பு: எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், நெறிக்கட்டிகளை எடுத்தார்களா என்பது இதில் இருக்கும்.

5. கரண்ட் வைத்த குறிப்பு: உடம்பில் எந்த இடத்தில், எத்தனை நாள், எவ்வளவு அளவு கதிர் வைத்தார்கள் என்ற கணக்கு. ஓர் இடத்தில் முழு அளவு வைத்த பிறகு அதே இடத்தில் மறுபடியும் கணக்குத் தெரியாமல் வைத்தால் குடல், மூத்திரப்பை, நரம்பு ஆகியவை புண்ணாகிவிடும். பத்து வருடம் கழித்துக்கூட இந்தக் குறிப்பு தேவைப்படும்.

6. ஊசி மருந்துக் கணக்கு (கீமோ): என்ன மருந்து, எத்தனை தவணை, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு என்ற விவரம். சில மருந்துகளுக்கு ஆயுள் முழுவதற்கும் இவ்வளவுதான் என்று ஓர் எல்லை உண்டு. டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து அதில் ஒன்று. எல்லையைத் தாண்டினால் இருதயம் பலவீனமாகும். முன்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியாமல் எந்த டாக்டரும் துணிந்து அதைக் கொடுக்க மாட்டார்.

7. டிஸ்சார்ஜ் சீட்டு: மேலே சொன்ன எல்லாவற்றின் சுருக்கமும் அடுத்து வர வேண்டிய தேதியும் இதில் இருக்கும்.

தேதி தவறினால் என்ன?

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பதை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து வாரம் வெளியிலிருந்து வைப்பார்கள். பிறகு உள்ளே வைப்பார்கள். மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது உலகெங்கும் டாக்டர்கள் கடைப்பிடிக்கும் விதி. இடையில் நின்றால் மிச்சமுள்ள புற்று அணுக்கள் மறுபடி தழைக்கும். நாள் கடக்கக் கடக்கப் பலன் குறையும்.

பிசான அறுப்பு வந்தது, கோயில் கொடை வந்தது, மகள் பிரசவத்துக்கு வந்தாள் என்று இடையில் பத்து நாள் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. "உடம்பு தேவலை, வலி இல்லை" என்பார்கள். வலி நின்றது வைத்தியத்தின் பாதி வழி. மீதி வழியையும் நடக்க வேண்டும். எத்தனையாவது நாள் முடிந்தது, இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று வீட்டு நாட்காட்டியில் கணவர் தினமும் குறித்து வரலாம். இந்தச் சிறு காரியம் பெரிய உதவி.

பெயர், வயது, விலாசம் — இதிலும் வைத்தியம் இருக்கிறது

ஆஸ்பத்திரியில் பெயர் கொடுக்கும் இடத்தில் நாம் அவசரப்படுகிறோம். அங்கேதான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

நம் பக்கத்தில் ஒரு தெருவிலேயே மூன்று இசக்கியம்மாள் இருப்பார்கள், நான்கு சுடலைமுத்து இருப்பார்கள். வெறும் பெயரைச் சொன்னால் யார் என்று எப்படித் தெரியும்? அதிலும் பெண்களுக்கு இன்னொரு சிக்கல். கல்யாணத்துக்கு முன் தகப்பனார் இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல். ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று. வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேறு. முதல் முறை தாய் வீட்டிலிருந்து போய் அந்த ஊர் விலாசம் கொடுப்பார்கள். மறுமுறை புகுந்த வீட்டு விலாசம் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் ஒரே தாய் இரண்டு பேராகிவிடுவார். பழைய கணக்கு ஒரு பெயரில், புதிய கணக்கு வேறு பெயரில் போய்விடும்.

வயதும் அப்படித்தான். "அம்பது இருக்கும்" என்று ஒரு முறை, "நாப்பத்தஞ்சு" என்று மறுமுறை. மாதவிடாய் நின்றவரா, நிற்காதவரா, எவ்வளவு மருந்து தாங்குவார் என்பதையெல்லாம் பார்த்துத்தான் வைத்தியம் தீர்மானிக்கிறார்கள். வயதைத் தோராயமாகச் சொல்வது நல்லதல்ல.

ஆகவே எப்போதும் ஆதார் அட்டையில் உள்ளபடியே ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே வயது சொல்லுங்கள். கதவு எண், தெரு, ஊர், ஊராட்சி, தாலுகா என்று முழு விலாசம் கொடுங்கள். செல்போன் எண் கணவருடையது ஒன்றும், வீட்டில் எப்போதும் இருக்கும் ஒருவருடையது ஒன்றுமாக இரண்டு கொடுங்கள். எண் மாறினால் அடுத்த முறை போகும்போதே சொல்லிவிடுங்கள்.

சிலர் வெட்கத்தினாலும் பயத்தினாலும் பொய் விலாசம் கொடுக்கிறார்கள். "ஊருக்குத் தெரிஞ்சா மகளுக்கு மாப்பிள்ளை வராது" என்ற கவலை. அந்தக் கவலை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பரிசோதனை முடிவு வந்த பிறகு உங்களைத் தேடி வரும் நர்ஸம்மா இல்லாத வீட்டைத் தேடி அலைவார். முடிவு ஃபைலிலேயே கிடக்கும். நோய் மட்டும் வளரும். புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. சேர்ந்து சாப்பிடுவதால் வருவதில்லை. ஒளிக்க வேண்டிய குற்றம் இதில் எதுவும் இல்லை.

பதிவேடு என்றால் என்ன?

உங்கள் சீட்டு உங்களுக்கு உதவுகிறது. எல்லோருடைய சீட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் ஊருக்கே உதவுகிறது. அப்படிச் சேர்த்து எழுதும் கணக்குக்குத்தான் புற்றுநோய்ப் பதிவேடு என்று பெயர்.

இது எப்படி வந்தது என்பது சுவையான கதை. சுமார் நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்ற ஆபரேஷன் டாக்டர் இருந்தார். "நாம் ஆபரேஷன் செய்து அனுப்பியவர்கள் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிகிறதா?" என்று அவர் கேட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டார். என்ன நோய், என்ன செய்தோம், பின்னால் சுகமானாரா, இல்லையென்றால் ஏன் என்று அதில் எழுதினார். மற்ற டாக்டர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. 1920-இல் எலும்புப் புற்றுநோய்க்கென்று ஒரு தனிப் பதிவேட்டையும் தொடங்கினார். 1942-இல் டென்மார்க் தேசம் முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு ஏற்பட்டது.

நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றியது. தம் தங்கை புற்றுநோயால் இறந்த துயரத்தில் பிறந்த எண்ணம் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, சென்னை நகரப் பதிவேட்டை நடத்தும் பொறுப்பு அந்த நிலையத்துக்கு வந்தது. 2012-இல் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் சேர்த்துப் பதிவேடு தொடங்கப்பட்டது. நம் திருநெல்வேலியும் அதில் அடக்கம்.

பதிவேட்டு ஊழியர்கள் என்ன செய்கிறார்கள்? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போகிறார்கள். பரிசோதனைக் கூடத்துக்கும் போகிறார்கள். அங்குள்ள ஃபைல்களைப் பார்த்து வயது, ஊர், எந்த உறுப்பில் நோய், எந்த நிலையில் வந்தார், என்ன வைத்தியம் என்று எழுதுகிறார்கள். இறப்புப் பதிவேட்டையும் ஒத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் ஏறியிருந்தால் ஒன்றாக்குகிறார்கள். இங்கேதான் முன்னே சொன்ன இனிஷியல் குழப்பமும் பொய் விலாசமும் கணக்கைக் கெடுக்கின்றன. உங்கள் பெயரை யாருக்கும் வெளியிட மாட்டார்கள். வெளியே வருவது மொத்த எண்ணிக்கை மட்டும்தான்.

இந்தக் கணக்கால் என்ன தெரிந்தது? சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் பெண்களுக்கு வந்த புற்றுநோய்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருந்தது. வருடம் போகப் போக அது குறைந்தது, மார்பகப் புற்றுநோய் கூடி முதலிடத்துக்கு வந்தது. இது பதிவேடு இல்லாமல் யாருக்கும் தெரிந்திருக்காது. எந்த மாவட்டத்தில் எந்தப் புற்றுநோய் அதிகம் என்று தெரிந்தால்தான் எங்கே கருவி வேண்டும், எங்கே டாக்டர் வேண்டும் என்று அரசு திட்டமிட முடியும்.

இன்னொரு பலனும் உண்டு. வைத்தியம் முடிந்து போனவர் மறுபடி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் சுகமாக வயலில் வேலை செய்கிறாரா, வீட்டில் படுத்துவிட்டாரா? டாக்டருக்குத் தெரியாது. அப்படி நூறு பேர் வராமல் போனால், தாம் கொடுத்த வைத்தியம் நல்லதா, மாற்ற வேண்டுமா என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். நீங்கள் சுகமாக இருந்தாலும் தேதிக்குப் போய்க் காட்டுவது உங்களுக்குப் பிறகு வரும் இன்னொரு தாய்க்குச் செய்யும் உபகாரம்.

கிராமங்கள் காட்டிய வழி

"இதெல்லாம் பட்டணத்துக்கு. நம்ம ஊருக்கு ஆகுமா?" என்று கேட்கலாம். ஆகும் என்று இரண்டு கிராமப்புறங்கள் காட்டியிருக்கின்றன.

மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்தில் பார்சி என்ற வட்டாரம். 1987-இல் அங்கே நம் நாட்டின் முதல் கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாததால் ஊழியர்கள் கிராமம் கிராமமாக நேரில் போனார்கள். போன இடத்தில் நோயின் அறிகுறிகளையும் சொன்னார்கள். நாளடைவில் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடக்க நிலையிலேயே காட்ட வரும் பெண்கள் கூடினார்கள். கணக்கு எழுதப் போனவர்களாலேயே உயிர்கள் பிழைத்தன.

இரண்டாவது நம் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையமும், அடையாறு புற்றுநோய் நிலையமும், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு பெரிய முயற்சியில் இறங்கின. கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். அவற்றில் 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். 31,343 பெண்கள் வந்தார்கள். பரிசோதனையைச் செய்தது பயிற்சி பெற்ற நர்ஸுகள்தான். கருப்பை வாயில் நீர்த்த அசிடிக் அமிலத்தைத் தடவினால், கோளாறு உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். வலி இல்லை, கத்தி இல்லை.

வந்தவர்கள், வராதவர்கள், வெள்ளை தெரிந்தவர்கள், வைத்தியம் பெற்றவர்கள், பின்னால் புற்றுநோய் வந்தவர்கள், இறந்தவர்கள் எல்லோருடைய கணக்கும் 2006 வரை விடாமல் எழுதப்பட்டது. 2007-இல் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது. அதனால் ஏற்பட்ட சாவு நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது.

ஒரே ஒரு முறை செய்த எளிய பரிசோதனையால் வந்த பலன் இது. இந்தப் பலன் உண்டு என்று உலகத்துக்குச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்தத் தாய்மார்கள் சரியான பெயரும் விலாசமும் கொடுத்ததும், ஊழியர்கள் அதை ஒழுங்காக எழுதி வைத்ததும்தான்.

தாய்மார்களுக்கும் அண்ணாச்சிமார்களுக்கும்

முப்பது வயதான எல்லாத் தாய்மார்களும் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கருப்பை வாயையும் மார்பகத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். நடுவில் தீட்டு இல்லாத நாளில் இரத்தப்போக்கு, கணவருடன் சேர்ந்த பிறகு இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி இரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்போக்கு, மார்பில் கட்டி ஆகியவை இருந்தால் ஐந்து வருடம் காத்திராமல் உடனே போக வேண்டும்.

பரிசோதனையில் வெள்ளை தெரிந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது புற்றுநோயாக மாறப் பல வருடம் எடுக்கும் கோளாறுதான். அப்போதே சிறு வைத்தியத்தால் போக்கிவிடலாம். ஆனால் கூப்பிட்ட தேதிக்குப் போகாவிட்டால் பரிசோதனை செய்தும் செய்யாததும் ஒன்றுதான். "சோதனை முடிஞ்சுது, வீட்டுக்கு வந்துட்டேன்" என்று இருந்துவிடக் கூடாது. "முடிவு என்ன, அடுத்து எப்போ வரணும்?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அண்ணாச்சிமாரே! பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை பழக்கம் உங்களுக்கு இருந்தால் வாயைக் காட்டுங்கள். இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்கக் கஷ்டம் ஆகியவை அறிகுறிகள். மனைவி பரிசோதனைக்குப் போகும்போது கூடவே போங்கள். "பொம்பளை சமாச்சாரம்" என்று ஒதுங்க வேண்டாம். ஃபைலைச் சுமக்கிற கை கணவருடையதாக இருந்தால் மனைவியின் பயம் பாதி குறையும்.

கேள்வியும் பதிலும்

கேள்வி: சீட்டு தொலைந்துவிட்டது. இனி என்ன செய்வது?
பதில்: வைத்தியம் செய்த ஆஸ்பத்திரியில் பதிவேட்டு அறைக்குப் போய், சேர்ந்த தேதி, ஓ.பி. எண் அல்லது ஐ.பி. எண்ணைச் சொல்லி எழுதிக் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்கு விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். ஆனால் உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதே விதி. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே உங்கள் வீட்டுப் பிரதிதான் நிலையானது.

கேள்வி: எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.
பதில்: பரவாயில்லை. எந்தச் சீட்டையும் தூக்கிப் போடாமல் வந்த வரிசையில் அடுக்கி வையுங்கள். மேலே தேதியை எழுதித் தரும்படி நர்ஸம்மாவையோ பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையோ கேளுங்கள்.

கேள்வி: மழை வெள்ளத்தில் காகிதம் நனைந்தால்?
பதில்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருமழையை நாம் மறக்க முடியாது. தாமிரபரணி கரை புரண்டு வீடுகளுக்குள் வந்தபோது பெட்டியோடு காகிதங்கள் ஊறிப் போயின. பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரண் போன்ற உயரமான இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு சீட்டையும் செல்போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துச் சொந்தக்காரர் வீட்டில் வைப்பதும் நல்லது.

கேள்வி: சீட்டு இருந்தால் வேறு என்ன லாபம்?
பதில்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் வைத்தியத்துக்கு அனுமதி கேட்கும்போது பரிசோதனைச் சீட்டுகளைக் காட்ட வேண்டியிருக்கும். சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக ரயில் கட்டணச் சலுகை வேண்டுமானால் ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும்.

கேள்வி: நோயாளி வீட்டிலேயே இறந்துவிட்டால் இனி எதற்குக் கணக்கு?
பதில்: துக்கத்தில் கேட்கக் கூடாதுதான். ஆனாலும் 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்யுங்கள். காரணம் புற்றுநோய் என்றால் அப்படியே சொல்லுங்கள். "வயசாகி இறந்தார்" என்று எழுதினால் அந்த ஊரில் அந்த நோயே இல்லை என்று கணக்கு சொல்லும். அடுத்தவருக்கு வர வேண்டிய உதவி வராமல் போகும்.

நினைவில் கொள்ளுங்கள்

1. புற்றுநோய்ச் சீட்டுகளுக்குத் தனி ஃபைல். பட்டாவோடு அதே பெட்டியில் வையுங்கள்.
2. தேதி வரிசை மாறக் கூடாது. பழையது கீழே, புதியது மேலே.
3. முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள். அதில் பெயர், வயது, ஊர், நோயின் பெயர், ஆபரேஷன் தேதி, கரண்ட் முடிந்த தேதி, ஊசித் தவணைகள், ஒவ்வாத மருந்து, அடுத்துப் போகும் தேதி.
4. அசலை எங்கும் கொடுத்துவிட்டு வர வேண்டாம். கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள். அசல்தான் வேண்டுமென்றால் ரசீது வாங்குங்கள்.
5. எங்கே போனாலும் ஆதாரில் உள்ள ஒரே பெயர், ஒரே இனிஷியல்.
6. வேறு எந்த நோய்க்கு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த ஃபைலையும் எடுத்துப் போங்கள்.
7. ஃபைல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.
8. சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார நர்ஸைக் கேளுங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

விதை நெல்லைக் கோட்டையில் கட்டி, அடுத்த பூவுக்கென்று பத்திரப்படுத்துகிறவர்கள் நீங்கள். அந்தக் கவனத்தில் ஒரு பங்கை ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் கொடுங்கள். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து, வீட்டில் உள்ள சீட்டுகளையெல்லாம் எடுத்து அடுக்குங்கள். அரை மணி நேர வேலைதான்.